டோக்கன் நாற்பத்திரண்டு

டோம்பிவிலியில் ஏழு பன்னிரண்டு ஃபாஸ்ட்.
ஏறினேன் என்பது பொய்;
ஏற்றப்பட்டேன்.
பெண்கள் பெட்டியில் முழங்கைகள்தான் பேசும்,
டிபன் பாக்ஸ் விலாவில் குத்தும்,
யாருடைய ஈரக் கூந்தலோ என் கழுத்தில் சொட்டும்.
குர்லாவில் இறங்கி ஸ்லோ பிடித்தால் சயான்.
பதினாறு வருடமாக இப்படித்தான்
ரத்தம் எடுக்கப் போகிறேன்.

காட்கோபர் தாண்டியதும்
துப்பட்டா பின்னால் இழுபட்டது.
கழுத்து நெரிய
யார் அது, யார் பிடித்தது என்று
எனக்கு வந்த இந்தியில் கத்தினேன்.
கம்மல் அட்டைகள் விற்கிற சுலபா சிரித்தாள்:
இத்தனை பேர் நசுக்குறாங்க,
யார் தொட்டதுன்னு கேக்குறியே அக்கா!

பெட்டியே சிரித்தது.
எனக்குத்தான் எங்கோ கேட்ட பேச்சாக இருந்தது.
பேதுரு கேட்டது.
பாண்டுப் சபையின் ஞாயிறு பள்ளியில்
ஃபிளானல் பலகையில் துணிப்பொம்மைகள் ஒட்டி
நானே சொல்லிக்கொடுத்தது.
பெரும்பாடுள்ள ஸ்திரீக்கு எப்போதும் பச்சைச் சேலை,
வேறு பொம்மை எங்களிடம் இல்லை.

அந்தக் கதையில்
ஓரத்தைத் தொடுகிற விரல் என்னுடையது என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இன்றைக்கு ஓரம் என்னுடையது.
அவர் நின்றார்.
நான் வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.
குர்லாவில் கூட்டம் என்னைத் துப்பியபோது
திரும்பிப் பார்த்தேன்,
ஒரு கை மட்டும்
பிடி தேடிக்கொண்டிருந்தது.
முகம் தெரிவதற்குள்
ரயில் எடுத்துவிட்டது.

பயோமெட்ரிக்கில் விரல் வைத்தேன்.
மூன்று நிமிடம் தாமதம் என்றது, சிவப்பாக.

டோக்கன் நாற்பத்தொன்று. மங்கல் காம்ப்ளே.
இடது கை, வலது கை, புறங்கை,
எங்கும் குழாய் சிக்கவில்லை.
கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தேன்:
வெள்ளைத் தாள்.
எத்தனை நாளா என்று கேட்பது
என் வேலை இல்லை.
கேட்டேன்.

சின்னவன் பிறந்ததிலிருந்து என்று தொடங்கினாள்.
டாக்டர்கள், அடகுக்குப் போன வளையல்,
கர்ஜத்தில் யாரோ இடித்துக் கொடுத்த வேர்,
மாமியார் தனியாக எடுத்துவைத்த தட்டு,
திரும்பவும் டாக்டர்கள்.
உண்மையை எல்லாம் அவருக்குச் சொன்னாள் என்று
மாற்கு ஒரே வரியில் கடந்துபோகிறார்.
அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எழுதவில்லை.
பதினொரு நிமிடம்.

நாற்பத்திரண்டு கத்தினார்.
தோளில் மகள், காய்ச்சலில் கால்கள் தொங்க.
வயது கேட்கவில்லை, பயமாக இருந்தது.
மேடம், என் பிள்ளையை முதல்ல பாருங்க.

யவீருவே,
எந்த ஞாயிறும் உன்னை நான் கவனித்ததில்லை.
பலகையின் மூலையில் ஒட்டிவிட்டு
மறந்துபோவேன்.
அவர் கூட்டத்தில் நின்றுகொண்டு
யார் யார் என்று கேட்ட நேரமெல்லாம்
நீ எதைப் பிடித்துக்கொண்டு நின்றாய்?
அவள் பேசி முடிக்கட்டும் என்று விட்டாயா,
பல்லைக் கடித்தாயா?
உன் வீட்டிலிருந்து ஆள் வருவதை
முதலில் பார்த்தது நீதானே?

ஊசி இறங்கியது.
ட்யூபில் வெளிறிய சிவப்பு ஏறியது.
பஞ்சை வைத்து
மங்கலின் விரலையே அதன்மேல் அழுத்தினேன்.

பிறகு அந்தச் சிறுமி.
சுலபமான கை, ஒரே குத்து, அழவில்லை.
பயப்படாதே என்று அவள் அப்பாவிடம் சொல்ல
எனக்கு அதிகாரம் கிடையாது.
ரிப்போர்ட் நாளை நாலு மணிக்கு என்றேன்.
நான் நின்றது சரியா தப்பா,
அதுவும் நாளைக்குத்தான் தெரியும்,
ஒருவேளை தெரியாமலே போகும்.

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
மகளுக்கு இரண்டு மடக்கு கொடுத்துவிட்டு
மீதியை அவர் மடமடவென்று குடித்தார்.
இவ வெறும் வயித்துல வரணும்னு சொன்னாங்க, மேடம்.
நானும் சாப்பிடல.